ராஜாபாய் கோபுரம் தந்த பிரேம்சந்த் ராய்சந்த்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஆயின், கொடுப்பவரைக் கொடுக்கத் தூண்டும் எண்ணங்கள் பலவாகும். இரக்கத்தால் ஈவாரும், புகழ் வேண்டி ஈவாரும், நன்றிக்கடனாக ஈவாரும், வினைநீக்கம் கருதி ஈவாரும் உளர். இவ்வெண்ணங்கள் ஒருவர் உள்ளத்திலேயே கலந்து நிற்றலும் உண்டு. பம்பாயில் வாழ்ந்த சமண வணிகர் பிரேம்சந்த் ராய்சந்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

சூரத்தில் 1831ஆம் ஆண்டு சுவேதாம்பர மரபில் தோன்றிய இவர், இளமையிலேயே பம்பாய் சேர்ந்து ஆங்கிலக் கல்வி பெற்றுப் பங்குத் தரகரானார். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் செல்லாது நின்றது. பம்பாய்ப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்து, நகரில் செல்வம் வந்து குவிந்தது. புதிய வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் தோன்றின. அவற்றின் பங்கு வாணிபத்தில் தலைமை பெற்று விளங்கியவர் பிரேம்சந்த்.

செல்வம் உச்சத்திலிருந்த 1864இல், பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகம் அமைக்க இரண்டு லட்சம் ரூபாய் வழங்கினார். அவ்வாண்டிலேயே, கடிகாரமும் மணிகளும் கூடிய கோபுரம் ஒன்று எழுப்ப மேலும் இரண்டு லட்சம் தந்து, அதற்குத் தம் அன்னை ராஜாபாயின் பெயரைச் சூட்ட வேண்டுமெனக் கேட்டார். கண்பார்வை இழந்த அவ்வன்னை, கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்பைப் பிறர் துணையின்றிக் காக்க அம்மணியோசை உதவும் என மகன் எண்ணினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இரவுண்ணாமையைப் போற்றும் நமக்கு இச்செய்தி உள்ளம் உருக்குவது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் அவர் இரண்டு லட்சம் அளித்தார்.

1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது; நிறுவனங்கள் வீழ்ந்தன; எண்ணற்ற குடும்பங்கள் வறுமையுற்றன. பிரேம்சந்தும் பெருஞ்செல்வத்தை இழந்தார். பம்பாய் வங்கியும் நொடித்தது. அவருக்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் அவ்வங்கி அளவின்றிக் கடன் கொடுத்தமை அதற்கு ஒரு காரணமாகும். இவ்வுண்மையை நாம் மறைத்தல் தகாது.

கோபுரத்திற்கு 1869இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1878இல் பணி நிறைவுற்றது. ஏறத்தாழ 280 அடி உயரமுள்ள அக்கோபுரத்தின் மணி ஒலித்தபோது, அவர் பழைய செல்வச் சிறப்புடன் இல்லை. எனினும் தரகுத் தொழிலை விடாது நடத்தி, 1906இல் மறைந்தார்.

அவர் ஈந்தது தாயன்பாலா, புகழ் விருப்பாலா, நகரின்மீது கொண்ட பற்றாலா? மூன்றும் கலந்திருந்தன என்றே நாம் கருதுகின்றோம். பெறுவோர்க்கு அவ்வேறுபாடு தடையாகவில்லை. கல்கத்தாவில் அவர் பெயரால் அமைந்த உதவித்தொகையை 1886இல் ஆசுதோஷ் முகர்ஜியும், 1897இல் வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்காரும் பெற்றனர். சாஸ்திர தானத்தின் பயன் தலைமுறைகள் கடந்தும் நின்றது. ஆயின் கொடுப்பவரின் வினைக்கணக்கு வேறு. பொருள் வந்த வழியால் பிறர்க்கு நேர்ந்த துன்பத்தைப் பின்னர்ச் செய்யும் தானம் துடைத்துவிடாது.

நம் ஜினாலயத் திருப்பணிக்கும் கல்வி நிதிக்கும் பொருள் தருவோர் பலர். கல்வெட்டில் பெயர் விழைதலும் மனித இயல்பே. அது கருதிக் கொடையை நிறுத்த வேண்டுவதில்லை. எண்ணம் முற்றும் தூயதாகும்வரை காத்திருப்பின், பசித்தவர் பசித்தே இருப்பர். இன்றே கொடுப்போம். ஈட்டும் வழியை முதலில் தூய்மை செய்வோம். கொடுக்கக் கொடுக்க எண்ணமும் தூய்மையுறும்.