ஆல்பிரட் வெர்னர்

செம்பு உப்புக் கரைந்த நீல நிற நீரை, நைட்ரசன் அமைந்த செயற்கைப் பிசின் மணிகள் நிறைந்த குழாயில் வடியவிட்டால், வெளிவரும் நீர் நிறமற்றிருக்கும், மணிகளே நீலமாகிவிடும். நீரோடு ஓடும் உலோக அயனியைப் பிசின் எவ்வாறு பற்றுகிறது? இதனை அறிய வழி வகுத்தவர் ஆல்பிரட் வெர்னர் ஆவார். அவர் காலத்தில் அத்தகைய பிசினே இல்லை.

ஆல்சாசு நாட்டு முலூசு நகரில் 1866-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வெர்னர் பிறந்தார். தந்தையார் இரும்புத் தொழிலாளர். இளமையிலேயே இரசாயனத்தில் வேட்கை கொண்ட வெர்னர், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிற் பயின்று 1890-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளில் அறிஞரை மயங்கவைத்த புதிர் ஒன்று இருந்தது. கோபால்ட்டு அணு மூன்று குளோரின் அணுக்களோடு கூடியவுடன் அதன் இணைதிறன் நிறைவுறுகிறது. ஆயினும் அவ்வுப்பு அம்மோனியாவையும் ஏற்கிறது. ஆறு பங்கு அம்மோனியா ஏற்றது மஞ்சள்; ஐந்து ஏற்றது செந்நீலம்; நான்கு ஏற்றது பச்சை. இவற்றின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால், மஞ்சள் உப்பின் மூன்று குளோரின்களும் வெண்மையாகப் படியும். செந்நீல உப்பில் இரண்டே படியும், பச்சையில் ஒன்றே. எஞ்சியவை எங்கே ஒளிந்தன? அம்மோனியா மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டுள்ளன என்றார், இத்துறையிற் பல்லாண்டு உழைத்த டென்மார்க்கு அறிஞர் யோர்கன்சன்.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு வெர்னர் விழித்தெழுந்தார். விடை மனத்தில் மின்னியது. மறுநாள் மாலை ஐந்து மணி வரை இடைவிடாது எழுதினார் என்பர். அக்கட்டுரை 1893-இல் வெளிவந்தது. உலோக அயனி நடுவில் நிற்க, மேலே ஒன்று, கீழே ஒன்று, சுற்றிலும் நான்கு என ஆறு இடங்கள் உள்ளன. அம்மோனியா ஒன்று குறைந்தால் குளோரின் ஒன்று அவ்விடத்தில் அமர்கிறது. அவ்வாறு அமர்ந்தது வெள்ளிக்கு எளிதில் அகப்படாது என்பது அவர் கொள்கை.

அப்போது வெர்னருக்கு வயது இருபத்தாறு. அவ்வுப்புகளை அவர் தம் கையாற் செய்து ஆராய்ந்தவர் அல்லர். யோர்கன்சனின் சோதனைகளைக் கொண்டே யோர்கன்சனை மறுத்தார்! துணிவோ, துடுக்கோ, அறியோம். எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. வெர்னர் கூறுவது மெய்யாயின், பச்சை உப்பில் இரு குளோரின்களும் எதிரெதிரே அமரலாம், அடுத்தடுத்தும் அமரலாம். ஆகவே அதற்கு இணையாக மற்றோர் உப்பு இருத்தல் வேண்டும். அது எங்கே? பதினான்கு ஆண்டுகள் இவ்வினா அவரைத் தொடர்ந்தது. 1907-இல் அவ்வுப்பு கிடைத்தது. அதன் நிறம் ஊதா. முதியவராகிய யோர்கன்சன் தம் கொள்கையைக் கைவிட்டார். வெர்னரின் துணிவினும் இதற்குப் பெரிய மனம் வேண்டும்.

1913-இல் நோபெல் பரிசு பெற்ற வெர்னர், நோயுற்று 1919-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் மறைந்தார். 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்சு, ஓம்சு என்னும் இருவர், கரைசலின் அயனிகளைப் பற்றும் செயற்கைப் பிசின்களைச் செய்தனர். நைட்ரசன் அமைந்த பிசின்களும் தோன்றின. பிசின் என்பது நெடிய மூலக்கூறுகளின் பின்னல். அதில் வரிசையாக உள்ள நைட்ரசன் அணுக்கள் தம்மிடமுள்ள எலெக்ட்ரான் இணையைச் செம்பு அயனிக்கு ஈந்து, வெர்னர் கண்ட இடங்களில் அமர்கின்றன. அருகருகேயுள்ள இரு நைட்ரசன்கள் ஒரே அயனியை நண்டின் கொடுக்குகளைப்போல் கவ்வுமாயின், பிடி மேலும் இறுகும். அமிலத்தை ஊற்றினாலோ, நைட்ரசன் ஐதரசன் அயனியைப் பற்றிக்கொண்டு செம்பை விட்டுவிடும். நீலம் வடிந்த மணிகள் மீண்டும் பயன்படும்.