நாவலர் அவர்களும் பொதுசன அபிப்பிராயமும்

ஒரு சமூகம் எதனை நன்றென்று கொள்ளும், எதனைத் தீதென்று தள்ளும் என்பது தானே விளைவதன்று. சொல்வாரும் கேட்பாரும் கூடியே அதனை விளைவிப்பர். இவ்வுண்மையை யாழ்ப்பாணத்துச் சைவர்க்குச் செய்கையாற் காட்டியவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். அவர்கள் சரித்திரத்தை இந்நோக்குப் பற்றி ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதத்திற் பிறந்தார்கள். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபொழுது அவருக்குத் துணைபுரிந்தார்கள். 1841இல் அமெரிக்க மிஷனார் உதயதாரகை என்னும் பத்திரிகையைத் தொடங்கினர். பாதிரிமாரிடத்தே பாடசாலை, அச்சியந்திரம், பத்திரிகை என்னும் மூன்றும் இருந்தன. சைவரிடத்தே கோயிலும் ஏட்டுச்சுவடியும் இருந்தன. ஒரு சாரார் சொல் அச்சேறி ஊரெங்கும் பரந்தது. மற்றைச் சாரார் மறுமொழி திண்ணையளவில் நின்றது. சைவர்க்கு நியாயம் இல்லாமையன்று, அதனைக் கொண்டுசெல்லும் வாயில் இல்லாமையே குறை என்பதை நாவலர் அவர்கள் உணர்ந்தார்கள்.

1847 டிசம்பர் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். 1848இல் அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றார்கள். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். 1854இற் சைவதூஷணபரிகாரம் அச்சில் வெளிவந்தது. பிரசங்கம் எழுத்தறியாதாரையும் எட்டியது. வித்தியாசாலை வாசிப்போரை உண்டாக்கியது. அச்சியந்திரம் அவர்க்கு நூல் வழங்கியது. இம்மூன்றுள் ஒன்று குறையினும் ஏனையவை பயன்படா.

மக்கள் கருத்தைத் திரட்டுதல் ஒன்று. அதனை அரசுக்குக் காட்டுதல் பிறிதொன்று. அக்காலத்தே வாக்குச்சீட்டு இல்லை. சட்டநிரூபணசபைத் தமிழ்ப் பிரதிநிதியைத் தேசாதிபதியே நியமிப்பார். ஆதலால் பொதுசனத்தின் மனத்தை அளந்து காட்டுங் கருவிகள் கூட்டமும் விண்ணப்பமுமே. 1879இற் சேர் முத்துக்குமாரசுவாமி இறந்தபின், அவர் மருகராகிய பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து நாவலர் அவர்கள் கூட்டங் கூட்டினார்கள். இராமநாதன் நியமனம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆந் தேதி நாவலர் அவர்கள் சிவபதமடைந்தார்கள்.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. நாவலர் அவர்கள் சாதியாசாரத்தை விட்டவர்களல்லர். அவர்கள் திரட்டிய பொதுசனத்துள் ஒடுக்கப்பட்டோர்க்குச் சமமான இடம் இருந்திலது. சிலர் குரலை எல்லோர் குரலாகக் கொள்ளும் பிழை கூட்டத்திற்கும் உண்டு, பத்திரிகைக்கும் உண்டு.

சைவப் பாடசாலை ஆசிரியர்காள்! நாவலர் அவர்கள் தொடங்கிய தொழிலே நுமது தொழில். ஒரு செய்தியைக் கண்டவழி, சொன்னவர் யார், அச்சிட்டவர்க்கு ஊதியம் யாது, யாருடைய சொல் இதில் விடுபட்டது என்று வினாவ மாணாக்கரைப் பழக்குமின். வாசிக்க மாத்திரம் அறிந்தவன் பிறர் அபிப்பிராயத்தைச் சுமப்பான். வினாவ அறிந்தவனே தனக்கென ஓர் அபிப்பிராயம் உடையவனாவான்.