கோணங்களால் பூமியை அளந்த அல்பிரூனி

கூர்ங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்று கொப்பியில் வரைந்து பெயரெழுதும்போது, இதனால் என்ன பயன் என்று மனதுக்குள் கேட்காத மாணவி இருக்கமாட்டாள். அந்தக் கேள்விக்கு வாழ்ந்து விடை தந்தவர் அபூ றைஹான் அல்பிரூனி.

இவர் கி.பி. 973 ஆம் ஆண்டு, இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள காத் என்னும் ஊரில் பிறந்தார். அபூ நஸ்ர் மன்சூர் என்ற கணித அறிஞர் இவருக்கு ஆசிரியராக அமைந்தார். பதினேழு வயதளவில், நண்பகல் சூரியனின் ஏற்றக்கோணத்தை அளந்து தமது ஊரின் அகலக்கோட்டைக் கணித்தார்.

995 இல் மூண்ட உள்நாட்டுப் போர் அவரைப் பிறந்த மண்ணிலிருந்து விரட்டியது. பின்னர் நாடு திரும்பி வாழ்ந்தபோதும் அமைதி நீடிக்கவில்லை. 1017 இல் கஸ்னியின் ஸுல்தான் மஹ்மூத் அந்நாட்டை வென்று, அறிஞர்களையும் தம்முடன் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தபோது அல்பிரூனியிடம் எந்தக் கருவியும் இல்லை. கணக்குப் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் ஒரு வில்லை வரைந்தார். அதைப் பாகைகளாகப் பிரித்தார். குண்டுநூலைத் தொங்கவிட்டு வானத்தை அளந்தார். பாகைமானியை வீட்டில் மறந்துவிட்டோம் என்று நாம் சொல்லும் சாட்டு இவர் முன் நிற்குமா?

கஸ்னியில் தொழுவோர் சரியாக எத்திசையை முன்னோக்க வேண்டும் என்பதும் அவருக்கு ஒரு கோணக் கணக்கே. இடங்களின் அமைவைக் கணித்து, கிப்லாவின் திசையைக் காணும் வழியை 1025 இல் முடித்த நூலில் விளக்கினார்.

அவரது பெரும் சாதனை, அன்றைய இந்தியாவில், இன்று பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே நிகழ்ந்தது. சமவெளியில் இரண்டு இடங்களில் நின்று மலையுச்சியின் ஏற்றக்கோணங்களை அளந்து, மலையின் உயரம் 652 முழத்துக்குச் சற்று அதிகம் எனக் கண்டார். பின் உச்சியில் ஏறி அடிவானத்தைப் பார்த்தார். பார்வைக்கோடு கிடைக்கோட்டிலிருந்து 34 கலை, அதாவது அரைப் பாகையைவிடச் சற்றே கூடுதலாக, கீழே சாய்ந்திருந்தது.

பார்வைக்கோடு பூமியைத் தொடும் புள்ளியில், அது பூமியின் ஆரையுடன் செங்கோணம் அமைக்கிறது. கண், தொடும் புள்ளி, பூமியின் மையம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணி. கண்ணிலுள்ள கோணம் 90 பாகையிலிருந்து அந்த 34 கலை குறைந்தது. முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை ஆகையால், மையத்திலுள்ள சிறிய கூர்ங்கோணமும் 34 கலையே. அக்கோணமும் மலையின் உயரமும் தெரிந்தால் ஆரையைக் கணித்துவிடலாம். இன்று நாம் அறிந்த சுமார் 6371 கிலோமீற்றருடன் ஒப்பிடத்தக்க விடையை, பாலைவனங்களில் தூரம் அளந்து திரியாமலே அவர் பெற்றார்.

ஸம்ஸ்கிருதம் கற்று, இந்தியர்களின் அறிவையும் வழக்கங்களையும் பற்றி 1030 அளவில் பெருநூலொன்றும் எழுதினார்.

1048 அளவில் கஸ்னியில் மரணப்படுக்கையில் இருந்தபோது, பார்க்க வந்த மார்க்கச் சட்ட அறிஞரிடம் வாரிசுரிமைப் பங்கீடு பற்றிய ஒரு கணக்கைக் கேட்டாராம். இந்த நிலையிலுமா என்று அவர் தயங்க, அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேல் என்று பதில் தந்தாராம். விளக்கிவிட்டு வெளியேறியவர் தெருவை அடையுமுன்னே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது என்று யாகூத் என்ற பிற்கால நூலாசிரியர் எழுதியிருக்கிறார்.

தோழியரே, நமது ருவான்வெல்லையின் இறப்பர் மலைகளில் ஏறும்போது ஒருமுறை தூரத்தே நோக்குங்கள். கொப்பியில் நாம் வரையும் அதே முக்கோணி அங்கேயும் இருக்கிறது.