மூக்கில் மறந்துபோன அரை மீட்டர் துணி: ஃப்ராய்ட் மாற்றிச் சொன்ன காரணம்

கனவு, ஆழ்மனம் என்று பேச்செடுத்தாலே நினைவுக்கு வரும் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்ட். ஆனால், அவர் வாழ்க்கையில் ஒரு மூக்கு அறுவை சிகிச்சைக்கும் பெரிய இடம் உண்டு. அதில் கத்தியைப் பிடித்தது அவர் அல்ல. நோயாளியை அனுப்பிவைத்தது அவர்தான்.

நண்பர் மேல் நம்பிக்கை

இன்றைய செக் குடியரசில் 1856 மே 6-ல் பிறந்த ஃப்ராய்ட், சிறுவயதிலேயே குடும்பத்தோடு வியன்னாவுக்கு வந்துவிட்டார். 1881-ல் மருத்துவப் பட்டம் பெற்று, நரம்பு மருத்துவரானார். 1887-ல் பெர்லினைச் சேர்ந்த மூக்கு, தொண்டை மருத்துவர் வில்ஹெல்ம் ஃப்ளீஸ் அறிமுகமானார். மாதவிடாய்க் கோளாறுகளுக்கும் மூக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது ஃப்ளீஸின் வாதம். இன்றைய மருத்துவம் அதை ஏற்கவில்லை. ஃப்ராய்டோ முழுசாக நம்பினார். தன் மூக்குக்கும் அவரிடமே சிகிச்சை எடுத்துக்கொண்டார்.

1895-ல் என்ன நடந்தது?

ஃப்ராய்டிடம் சிகிச்சை பெற்றுவந்த எம்மா எக்ஸ்டைனுக்கு அப்போது 30 வயது. வயிற்று வலியும் மாதவிடாய்த் தொல்லையும் இருந்தன. பிப்ரவரியில் ஃப்ளீஸ் வியன்னா வந்து, எம்மாவின் மூக்குக்குள் பக்கவாட்டில் இருக்கும் சிறு எலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். பிறகு பெர்லின் திரும்பிவிட்டார்.

எம்மாவுக்கு வீக்கம் குறையவில்லை. துர்நாற்றம், சீழ், ரத்தக்கசிவு. மார்ச்சில், வியன்னா மருத்துவர் ரோசானஸ் மூக்கைச் சுத்தம் செய்தபோது நூல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். அரை மீட்டர் நீளத் துணி வெளியே வந்தது! அறுவை சிகிச்சையின்போது உள்ளே வைத்து, எடுக்க மறந்த துணி அது. அடுத்த நொடியே ரத்தம் கொட்டியது. எம்மா வெளிறிப்போனார், நாடித்துடிப்பு தெரியவில்லை. உடனே புதிய மருந்துத் துணியை வைத்து அடைத்ததால்தான் உயிர் பிழைத்தார்.

பார்த்துக்கொண்டிருந்த ஃப்ராய்டுக்குத் தலை சுற்றியது. பக்கத்து அறைக்குப் போய் கொஞ்சம் பிராந்தி குடித்துவிட்டுத் திரும்பியவரை, படுக்கையில் கிடந்த எம்மாதான் கேலி செய்தார்.

பழி யார் மேல்?

துணியை ஃப்ராய்ட் கண்ணாலேயே பார்த்தார். ஆனாலும், அடுத்த ஆண்டே கதையை மாற்றினார். எம்மாவின் ரத்தப்போக்குக்கு அவருடைய மனமே காரணம் என்று ஃப்ளீஸுக்குக் கடிதம் எழுதினார். நண்பர் தப்பித்தார், பழி நோயாளி மேல் விழுந்தது.

எம்மாவின் முகத்தில் ஒரு பக்கம் குழி விழுந்தது விழுந்ததுதான். ஆனாலும் அவர் பின்னாளில் தானே உளப்பகுப்பாய்வு சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். 1924-ல் மறைந்தார். ஃப்ராய்டின் அந்தக் கடிதங்கள் 1950-ல் அச்சானபோது இந்தச் சம்பவம் நீக்கப்பட்டிருந்தது. முழுத் தொகுப்பு வந்தது 1985-ல்தான்.

அவருக்கும் அதே ஆபத்து

1923-ல் ஃப்ராய்டுக்கு வாயில் புற்றுநோய்க் கட்டி. அதை அகற்றியவரும் ஒரு மூக்கு மருத்துவர்தான். அன்று மதியம் தனியே விடப்பட்டிருந்த ஃப்ராய்டுக்கு ரத்தம் பெருகியது. அழைப்பு மணி வேலை செய்யவில்லை. அறையில் இருந்த இன்னொரு நோயாளி ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தார். அதன்பின் 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைத் தாங்கிய ஃப்ராய்ட், 1939 செப்டம்பர் 23-ல் லண்டனில் காலமானார்.

இன்று எப்படி?

மூக்கின் நடுச்சுவர் வளைவைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு இப்போது பஞ்சு அடைப்பதே இல்லை. தையலோ சிலிக்கோன் தகடோ போதும். அடைத்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். அதுவரை வாயால்தான் மூச்சு. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உள்ளே வைத்ததையும் வெளியே எடுத்ததையும் எண்ணிச் சரிபார்ப்பது இன்று கட்டாய நடைமுறை.

காய்ச்சல், துர்நாற்றம், நிற்காத ரத்தம் இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். மனப்பிரமை என்று யாராவது சொன்னாலும், மூக்கை ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எம்மாவுக்கு அதை யாரும் சீக்கிரம் செய்யவில்லை.