நீல்ஸ் ஹென்றிக் ஏபெல்: குன்றின் வடிவைக் கணித்த இளைஞர்

ஏபெல் என்றவுடன் கணித மாணவர் ஐந்தாம்படிச் சமன்பாட்டையே நினைவுகூர்வர். அதன் மூலங்களை இயற்கணித வழியில் காட்டும் பொதுவாய்பாடு இருக்கவே இயலாது என 1824இல் நிறுவியவர் அவர். அச்சுச் செலவைத் தாமே ஏற்க நேர்ந்ததால், அந்நிறுவலை ஆறே பக்கங்களில் சுருக்கினார். அதற்கு ஓராண்டு முன்னர் அவர் எழுதிய பிறிதொரு கட்டுரையையே நாம் இங்குச் சிறப்பாக எடுத்துரைக்க விழைகிறோம்.

1802 ஆகஸ்டு 5ஆம் நாள் நார்வே நாட்டில், கிறித்தவப் போதகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். 1820இல் தந்தையார் மறையவே குடும்பம் வறுமையுற்றது. ஹோல்ம்போ என்னும் இளம் பள்ளியாசிரியர் அவரது ஆற்றலைக் கண்டறிந்து வளர்த்தார். இன்று ஓஸ்லோ எனப்படும் கிறித்தியானியாவின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின், பேராசிரியர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து உதவினர்.

1823ஆம் ஆண்டுக் கட்டுரையின் பொருள் இது: ஒரு சரிவில் மணியொன்று உராய்வின்றி வழுக்கி இறங்குகிறது. சரிவின் வடிவம் தெரிந்தால், எவ்வுயரத்திலிருந்து விட்டால் எவ்வளவு நேரத்தில் அடியைச் சேரும் எனக் கணக்கிடலாம். ஏபெல் வினாவைத் திருப்பினார். ஒவ்வோர் உயரத்திற்கும் உரிய நேரம் மட்டும் தெரியுமாயின், சரிவின் வடிவைக் கூற இயலுமா? இயலும் எனக் காட்டினார். அறியப்படாத வடிவம் தொகையீட்டுக் குறியின் உள்ளே மறைந்து நிற்கும் சமன்பாட்டை எழுதி, அதனைத் தீர்க்கும் வழியையும் வகுத்தார். எல்லா உயரங்களுக்கும் நேரம் ஒன்றே எனக் கொண்டால் கிடைப்பது, உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் சைக்ளாய்டு வளைவு. அதனை டச்சு அறிஞர் ஹைகன்ஸ் பதினேழாம் நூற்றாண்டிலேயே வடிவியல் வழியில் கண்டிருந்தார். ஏபெலின் முறையோ பிற நேரக் கணக்குகளுக்கும் பொருந்துவது.

விளைவிலிருந்து காரணத்தை மீட்கும் இத்தகையவற்றை இன்று நேர்மாறுச் சிக்கல்கள் என்கின்றனர். இவற்றில் ஓர் இடர் உண்டு. தொகையிடுதல் ஏற்றத்தாழ்வுகளை மழுக்கும். அதனைத் திருப்பும்போது அளவீட்டிலுள்ள சிறு பிழையும் பெருகும். நேரத்தை அளப்பதில் சற்றே தவறினாலும், சரிவில் இல்லாத மேடுபள்ளங்கள் தோன்றிவிடும்.

1826 அக்டோபரில் பாரிஸ் அறிவியற் கழகத்தில் அவர் அளித்த பேராய்வு, மதிப்பிட வேண்டிய கோஷியிடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது, 1841இல்தான் அச்சேறியது. அத்துணைப் பெரிய கணித மேதைக்கு இது இழுக்கென்றே நாம் கருதுகிறோம். ஏபெல் வெளிநாட்டில் இருந்தபோதே, தாய்நாட்டில் காலியான பல்கலைக்கழகப் பணி ஹோல்ம்போவுக்கு அளிக்கப்பட்டது. எனினும் இருவர் நட்பும் குலையவில்லை. 1827இல் கடனுடன் திரும்பியவர் தனிப்பாடம் சொல்லிப் பிழைத்தார். காசநோய் பற்றி, 1829 ஏப்ரல் 6ஆம் நாள், இருபத்தாறாம் வயதில் மறைந்தார். பெர்லினில் அவருக்குப் பணி உறுதியாயிற்று என நண்பர் கிரெல்லே மடல் எழுதியது அதற்கு இரண்டு நாள் கழித்து! 1830இல் பாரிஸ் கழகம் தன் பெரும்பரிசை அவருக்கும் யக்கோபிக்கும் பகிர்ந்தளித்தது. அவர் பெயரால் நார்வே 2003 முதல் வழங்கும் பரிசை, சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற சீனிவாச வரதன் 2007இல் பெற்றார்.

சரிவுக் கணக்கு அவரோடு மறையவில்லை. 1907இல் ஜெர்மானியர் ஹெர்க்லாட்ஸ், நிலநடுக்க அலைகள் வந்துசேரும் நேரங்களைக் கொண்டு புவியின் உள்ளே அவற்றின் வேகத்தைக் கணிக்க முற்பட்டபோது, அவர் எதிரில் நின்றது ஏபெலின் சமன்பாடே. எவரும் இறங்கிப் பார்த்திராத ஆழங்களை அறிய அது வழிதந்தது.