ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்து ஆலைக்கு: குவாஜா அப்துல் ஹமீத்

வேதியியலிலோ உயிரியலிலோ முனைவர் பட்டம் வாங்கிய பிள்ளையிடம் நம் வீடுகளில் முதலில் கேட்கப்படுவது, எந்தக் கல்லூரியில் பேராசிரியர் வேலை என்பதுதான். கல்லூரி வேலை வேண்டாம், கம்பெனியில் சேரப் போகிறேன் என்று சொன்னால், இத்தனை வருடப் படிப்பும் வீணாகிவிட்டதே என்று வருத்தப்படுகிறார்கள். கற்ற கல்வி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தால் உண்மையிலேயே வீணாகிவிடுமா? சிப்லா மருந்து நிறுவனத்தைத் தொடங்கிய குவாஜா அப்துல் ஹமீத் அவர்களின் வாழ்க்கை இதற்குத் தெளிவான பதில் தருகிறது.

1898-ல் அலிகரில் பிறந்த அவர் வேதியியல் படித்தார். அவருடைய இளமைக் காலம் கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாட்டைக் குலுக்கிய காலம். ஆங்கிலேய அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களைப் புறக்கணித்து வெளியேறியவர்கள் 1920-ல் அலிகரில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத் தொடங்கினார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் ஹுசைன் அதன் முன்னோடிகளில் ஒருவர். அவரோடு சேர்ந்து ஹமீதும் அங்கே பணியாற்றினார்.

அதன் பிறகு மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றார். அன்று வேதியியலில் உலகுக்கே வழிகாட்டிய நாடு அது. அங்கே ஆய்வுக்கூடமும் ஆலையும் கைகோர்த்து நடந்தன. துணிக்குச் சாயம் தயாரித்த பேயர், ஹோக்ஸ்ட் போன்ற நிறுவனங்கள், அதே வேதியியல் அறிவைக் கொண்டு மருந்து தயாரித்து உலகெங்கும் விற்றன. 1927-ல் ஹமீத் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு ஐரோப்பாவைச் சேர்ந்த யூதக் குடும்பத்துப் பெண்ணான லூபாவை மறுவருடம் பெர்லினில் மணந்தார்.

தாயகம் திரும்பியவர் 1935-ல் பம்பாயில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். கெமிக்கல், இண்டஸ்ட்ரியல் அண்ட் ஃபார்மசூட்டிகல் லேபரட்டரீஸ் என்ற அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகளே சிப்லா. பெயரிலேயே ஆய்வுக்கூடம் இருப்பதைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தை அவர் உதறிவிட்டு வரவில்லை, கையோடு கூட்டி வந்தார். 1937-ல் முதல் மருந்துகள் சந்தைக்கு வந்தன. 1939-ல் காந்தியடிகள் அந்த ஆலையை நேரில் வந்து பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மருந்து வரத்து தடைபட்டபோது, உள்நாட்டில் மருந்து தயாரிக்க ஆள் இருந்ததன் அருமை மக்களுக்குப் புரிந்தது.

பட்டம் பெற்றதற்கும் நிறுவனம் தொடங்கியதற்கும் இடையே எட்டு ஆண்டுகள். முதல் மருந்து வெளிவர மேலும் இரண்டு. பட்டம் வாங்கிய மறுமாதமே பிள்ளை சம்பளக் கவரோடு வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) ஆட்சிக் குழுவில் இடம்பெற்றார். பம்பாய் சட்ட மேலவையிலும் பணியாற்றினார். அவர் எதிர்கொண்ட பெரிய தடை காப்புரிமைச் சட்டம். ஆங்கிலேயர் காலச் சட்டப்படி ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஒரு மருந்துக்கு உரிமை பெற்றுவிட்டால், வேறு வழியில்கூட அதை இங்கே யாரும் தயாரிக்க முடியாது. விலையோ ஏழையின் கைக்கு எட்டாது. 1961-ல் உருவான இந்திய மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாக, இச்சட்டத்தை மாற்ற அவரும் தோழர்களும் பாடுபட்டார்கள். 1970-ல் வந்த புதிய சட்டம், மருந்துகளைப் பொறுத்தவரை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை என்றது. 1972 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் ஹமீத் அவர்கள் காலமானார்கள்.

அவர் தொடங்கிய பணி அவரோடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற அவருடைய மகன் யூசுப் ஹமீதும் கல்லூரி வேலைக்குப் போகாமல் சிப்லாவுக்கே வந்தார். ஒரு எய்ட்ஸ் நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவான மருந்தை, 2001-ல் 350 டாலருக்குத் தர சிப்லா முன்வந்தது. ஆப்பிரிக்காவில் கணக்கற்ற உயிர்கள் பிழைக்க அது வழி திறந்தது.

மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். ஊரில் யாருமே அதைச் செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். மருந்தைக் கண்டறிவது மட்டும் அந்தக் கடமையில் சேர்ந்ததல்ல. அதைத் தயாரிப்பதும், தரம் பார்ப்பதும், நோயாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டு சேர்ப்பதும் சேர்ந்ததுதான். அப்படியிருக்க, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ, காப்புரிமை அலுவலகத்திலோ, சொந்தத் தொழிலிலோ இருக்கும் ஆய்வாளரை நாம் ஏன் தோற்றுப்போனவராகப் பார்க்க வேண்டும்?

எல்லோராலும் சிப்லா போல ஒன்றைத் தொடங்க முடியாது. ஆனால் கற்றது ஓர் அமானிதம். அது எந்த இடத்தில் மக்களுக்கு அதிகம் பயன்படுமோ, ஹலாலான அந்த இடத்துக்குப் போக நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்போம். மனிதன் இறந்த பின்னும் நன்மை சேர்க்கும் செயல்களில் பயன் தரும் கல்வியும் ஒன்று என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் கல்வியை அத்தகைய பயனுள்ள கல்வியாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.