பிரான்சுவா ஊபர்

பிரான்சுவா ஊபர் (ஜூலை 2, 1750 – டிசம்பர் 22, 1831) ஜெனீவாவில் பிறந்த இயற்கையியலாளர் ஆவார். தேனீக்களைப் பற்றி இன்று பாடநூல்களில் காணப்படும் செய்திகள் பலவற்றைச் சோதனை வழியாக நிறுவியவர் இவர். இளமையிலேயே கண்பார்வையை இழந்த இவர், தம் பணியாளர் பிரான்சுவா பியூர்னென், மனைவி மரீ எமே லூலன், பிற்காலத்தில் மகன் பியேர் ஆகியோரின் கண்களைக் கொண்டே தம் ஆய்வுகளை நடத்தினார். இராணித் தேனீ கூட்டிற்கு வெளியே பறந்து சென்று இனச்சேர்க்கை கொள்கிறது என்பதும், கூட்டம் பிரியும்போது முதலில் வெளியேறுவது பழைய இராணியே என்பதும் இவர் தெளிவுபடுத்தியவற்றுள் முக்கியமானவை. கூட்டம் பிரிதலைத் தடுக்கவும் பயன்படுத்திக்கொள்ளவும் இன்று தேனீ வளர்ப்போர் கையாளும் முறைகளுக்கு இவ்விரு உண்மைகளுமே அடிப்படை.

இளமையும் பார்வை இழப்பும்

ஊபரின் தந்தை சான் ஊபர் ஓவியர், தாளைக் கத்தரித்து நிழலுருவங்கள் செய்வதில் பெயர் பெற்றவர், வால்டேரின் நண்பர். வேட்டைப் பறவைகள் பறக்கும் முறையைப் பற்றி நூல் ஒன்றும் எழுதியவர். உற்று நோக்கும் பழக்கம் மகனுக்குத் தந்தையிடமிருந்து வந்தது என்று கொள்ளலாம்.

ஏறத்தாழ 15 வயதில் ஊபரின் உடல்நலமும் பார்வையும் குன்றத் தொடங்கின. மருத்துவத்திற்காகப் பாரிசு அழைத்துச் செல்லப்பட்ட அவர், நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் உழவர்களிடையே சில காலம் தங்கினார். உடல் தேறியது. ஆனால் கண்களைக் காப்பாற்ற இயலாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். சில ஆண்டுகளில் பார்வை முற்றாக மறைந்தது.

அதற்கு முன்பே அவரும் மரீ எமே லூலனும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தனர். ஜெனீவாக் குடியரசின் உயர் பதவியாளரான மரீயின் தந்தை, பார்வை இழந்து வரும் ஒருவருக்குத் தம் மகளைக் கொடுக்க மறுத்தார். தந்தையின் ஒப்புதல் இன்றி மணம் செய்துகொள்ளச் சட்டம் இடமளிக்கும் 25 வயது வரை மரீ காத்திருந்து, 1776 இல் ஊபரை மணந்தார். இம்மணவாழ்க்கை ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்தது. கணவருக்குப் படித்துக் காட்டுதல், அவர் சொல்வதை எழுதுதல், தேனீக்களைப் பார்த்து விவரித்தல் ஆகியவை மரீயின் அன்றாடப் பணிகளாயின. தோட்டத்துப் பாதைகளில் முடிச்சுகள் இட்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. முடிச்சுகளைத் தடவியபடி ஊபர் துணையின்றி உலவுவார்.

பியூர்னென்

இன்றைய வோ மாநிலத்தைச் சேர்ந்த உழவர் குடும்பத்து இளைஞரான பியூர்னென் ஊபரின் வீட்டில் பணியாளராகச் சேர்ந்தார். ரெயோமூர், சார்லசு பொன்னே ஆகியோரின் நூல்களை ஊபருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. படிப்பவரின் கேள்விகளும் ஊகங்களும் கூர்மையாக இருப்பதை ஊபர் கவனித்தார். உடனே அவரை நம்பிவிடவில்லை. ரெயோமூர் முன்பே செய்திருந்த சோதனைகளை மீண்டும் செய்யச் சொல்லி, பியூர்னென் கண்டவற்றை நூலில் உள்ளவற்றோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்திய பின்னரே புதிய சோதனைகளில் இறங்கினார். ஓர் அளவுகருவியைப் பயன்படுத்துமுன் தெரிந்த அளவைக் கொண்டு சரிபார்ப்பதற்கு ஒப்பானது இது.

பியூர்னெனின் உழைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். பணித் தேனீக்கள் சிலவும் முட்டையிடுகின்றனவா என்பதை அறிய, இரண்டு கூடுகளில் இருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தேனீக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. கொட்டுகளைப் பொருட்படுத்தாமல் 11 நாட்களில் அவ்வேலையைப் பியூர்னென் முடித்தார். முட்டையிடும் பணித் தேனீக்கள் உண்டு என்பதும், அவற்றின் முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே தோன்றுகின்றன என்பதும் உறுதியாயின. பின்னாளில் பியூர்னென் தம் ஊருக்குத் திரும்பி, அங்கே பொது அலுவலராக மதிப்புடன் வாழ்ந்தார்.

பார்வையற்றவர் ஒருவர் பணியாளர் சொன்னதைக் கேட்டு எழுதியது எவ்வாறு அறிவியலாகும் என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. இங்கிலாந்தின் இராபர்ட் ஊயிசு போன்றோர் ஊபரின் கூற்றுகளைக் கடுமையாகத் தாக்கினர். இவ்வையத்தை ஊபரும் எதிர்பார்த்திருந்தார். ஒவ்வொரு சோதனையையும் எப்படிச் செய்தோம், எத்தனை முறை செய்தோம், எது தவறியது என்பதை எல்லாம் விரிவாக எழுதி வைத்தார். பிறர் அவற்றைத் திரும்பச் செய்தபோது பெரும்பாலானவை நிலைத்தன.

ஏட்டுப் பெட்டி

அக்கால ஐரோப்பாவில் தேனீக்கள் வைக்கோல் கூடைகளிலும் மரப் பெட்டிகளிலும் வளர்க்கப்பட்டன. உள்ளே நடப்பதைக் காண அடையை அறுத்தெடுக்க வேண்டும். ரெயோமூரின் கண்ணாடிப் பெட்டிகளிலும் இரு அடைகளுக்கு இடையில் நடப்பது மறைந்தே இருந்தது.

ஊபர் அமைத்த பெட்டியில் ஏறத்தாழ ஓரடிச் சதுரமான மரச் சட்டங்கள் கீல்களால் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடை. புத்தகத்தின் ஏடுகளைப் புரட்டுவது போலச் சட்டங்களைத் திறந்து ஒவ்வொரு அடையின் இரு பக்கங்களையும் பார்க்கலாம். மெதுவாகத் திறந்தால் தேனீக்கள் சீறுவதில்லை என்பதையும் அவர் குறிப்பிட்டுள்ளார். சட்டங்களை மூடும்போது தேனீக்கள் நசுங்குவது இப்பெட்டியின் குறை. பெருமளவு வளர்ப்புக்கு இது பரவாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இராணியின் இனச்சேர்க்கை

இராணி எவ்வாறு கருவுறுகிறது என்பது 18ஆம் நூற்றாண்டில் விடையற்ற வினாவாக இருந்தது. ஆண் தேனீக்களின் மணமே போதும் என்று சுவாமர்டாம் கருதினார். மீன்களில் நிகழ்வது போல முட்டைகள் இடப்பட்ட பின் கருவுறுகின்றன என்பது மற்றொரு கருத்து. வியன்னாவில் தேனீ வளர்ப்புக் கற்பித்த அன்டன் யான்சா, வானில் இனச்சேர்க்கை நிகழ்வதாகக் கூறியிருந்தும் அக்கருத்து பரவியிருக்கவில்லை.

ஊபர் கன்னி இராணிகளை ஆண் தேனீக்கள் நிறைந்த கூட்டிலேயே அடைத்து வைத்தார். அவை கருவுறவில்லை. பறக்க விடப்பட்ட இராணிகளோ இனச்சேர்க்கையின் அடையாளத்துடன் திரும்பி, சில நாட்களில் முட்டையிடத் தொடங்கின. மூன்று வாரங்களுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டுப் பின்னர் பறக்க விடப்பட்டவை ஆண் தேனீக்களுக்கான முட்டைகளை மட்டுமே இட்டன. ஒரே ஓர் ஆண் தேனீயுடன் கூடுவதே போதுமானது என்று ஊபர் கருதியது பின்னர் திருத்தப்பட்டது. ஓர் இராணி பல ஆண் தேனீக்களுடன் கூடுகிறது என்பது 20ஆம் நூற்றாண்டில் உறுதியானது.

கூட்டம் பிரிதல் பற்றிய ஆய்வுகள்

தேனீக் கூட்டம் பிரிதல் என்பது ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி வேறிடம் தேடிச் செல்வதாகும். ஐரோப்பாவில் இது வேனிற் காலத் தொடக்கத்தில் நிகழ்கிறது. வளர்ப்பவருக்கு இது இழப்பு; பூக்கள் மிகுந்திருக்கும் வாரங்களில் தேன் சேர்க்க வேண்டிய தேனீக்களில் பெரும் பகுதி பறந்துவிடும். புதிய கூட்டங்களைப் பெறுவதற்கு அக்காலத்தில் அதை விட்டால் வேறு எளிய வழியும் இல்லை. எனவே மரத்தில் தொங்கும் கூட்டத்தைப் பிடிக்க ஆட்கள் காத்திருந்தனர். யான்சா 1771 இல் இப்பொருளுக்கென்றே தனி நூல் எழுதியிருந்தார்.

ஏட்டுப் பெட்டியால் பிரிதலுக்கு முந்தைய நாட்களில் கூட்டினுள் நடப்பதை வரிசையாகக் காண முடிந்தது. முதலில் இராணி ஆண் தேனீக்களுக்கான முட்டைகளை இடுகிறது. அதன் பின்னரே பணித் தேனீக்கள் அடையின் ஓரங்களில் இராணி அறைகளைக் கட்டத் தொடங்குகின்றன. இவ்வறைகளில் முட்டைகள் ஒரே நாளில் இடப்படுவதில்லை. இடைவெளி விட்டு இடப்படுகின்றன. ஆதலால் இளம் இராணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முதிர்கின்றன.

முதல் அறைகள் மூடப்படும் காலத்தில் பழைய இராணி அமைதியிழந்து அடைகளின் மேல் ஓடுகிறது. அதன் பரபரப்பு மற்றத் தேனீக்களுக்கும் தொற்றுகிறது. அப்போது கூட்டின் வெப்பம் வழக்கமான 35 பாகை செல்சியசு அளவிலிருந்து 40 வரை உயர்வதை வெப்பமானி கொண்டு அவர் அளந்தார். வெயிலும் அமைதியான காற்றும் உள்ள நாளில் பழைய இராணியும் தேனீக்களும் வெளியேறுகின்றன. வானிலை தொடர்ந்து மோசமானால் பழைய இராணி அறைகளை அழித்துவிடுவதும் உண்டு. அவ்வாண்டு பிரிதல் நிகழாது.

எஞ்சிய கூட்டில் நிகழ்வது இன்னும் வியப்பானது. முதிர்ந்த இளம் இராணிகளை உடனே வெளியே வர விடாமல் பணித் தேனீக்கள் அறையிலேயே காவல் வைக்கின்றன. மூடியில் உள்ள சிறு துளை வழியாக உணவு கொடுக்கின்றன. உள்ளிருக்கும் இராணிகள் ஒருவகை ஒலி எழுப்புகின்றன. முதலில் வெளிவந்த இராணி மற்ற அறைகளைத் தாக்க முயன்றால் காவல் தேனீக்கள் விரட்டுகின்றன. அந்த இராணியும் ஒரு கூட்டத்துடன் வெளியேறினால் அடுத்தது விடுவிக்கப்படுகிறது. இவ்வாறு ஒரே கூட்டிலிருந்து இரண்டு, மூன்று கூட்டங்கள் பிரிந்து தாய்க்கூடு வலுவிழக்கிறது. பிரியும் எண்ணம் இல்லாத கூட்டில் காவல் இல்லை. முதலில் வெளிவரும் இராணி போட்டியாளர்களைக் கொன்றுவிடுகிறது.

இவ்வறிவைக் கொண்டு ஊபர் செயற்கைப் பிரிப்பு முறையை விளக்கினார். ஏட்டுப் பெட்டியின் சட்டங்களை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வெற்றுச் சட்டங்களைச் சேர்க்க வேண்டும். இராணி இல்லாத பாதி, இளம் புழுக்களிலிருந்து புதிய இராணியை வளர்த்துக்கொள்ளும். பணித் தேனீப் புழுவிலிருந்து இராணியை வளர்க்க இயலும் என்பதை முன்னரே சிராக் கூறியிருந்தார். ஊபர் அதை உறுதிப்படுத்தினார். பிரிந்த கூட்டம் எங்கே குடியேறுவது என்பதை எவ்வாறு முடிவு செய்கிறது என்ற வினா மட்டும் அவர் காலத்தில் தீரவில்லை. வேவுத் தேனீக்கள் நடனம் மூலம் இடத்தை அறிவிப்பதை 1950களில் மார்ட்டின் லிண்டாவர் கண்டறிந்தார்.

நூல்களும் பிற ஆய்வுகளும்

பொன்னேக்கு எழுதிய மடல்களின் வடிவில் ஊபரின் நூல் 1792 இல் வெளிவந்தது. மகன் பியேரின் உதவியுடன் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1814 இல் வந்தது. மெழுகு மகரந்தத்திலிருந்து அல்லாமல் தேனிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தேனீயின் உடலில் உருவாகிறது என்பதும், சிறகசைப்பால் கூட்டிற்குக் காற்றோட்டம் கிடைக்கிறது என்பதும் அதில் உள்ளன. முட்டையிடும் பணித் தேனீக்களில் சினைப்பைகள் இருப்பதை நுண்ணோக்கியில் பகுத்துக் காட்டியவர் செல்வி சூரின் என்ற பெண்மணி ஆவார். சான் செனெபியேருடன் சேர்ந்து விதை முளைத்தலில் காற்றின் பங்கைப் பற்றியும் ஊபர் எழுதினார்.

எறும்புகளைப் பற்றிய நூலால் பியேர் தனியே புகழ் பெற்றார். உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலில் டார்வின் தந்தை, மகன் இருவரின் ஆய்வுகளையும் எடுத்தாண்டுள்ளார்.

பிற்காலத் தாக்கமும் தமிழகமும்

அமெரிக்கரான லாங்ஸ்டிராத் ஊபரின் நூலைப் படித்து அவருடைய பெட்டியையும் செய்து பார்த்தவர். சட்டங்களைச் சுற்றி 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை அடைப்பதில்லை என்பதை அவர் 1851 இல் உணர்ந்து, மேலிருந்து தூக்கி எடுக்கக்கூடிய சட்டங்களை அமைத்தார். ஏட்டுப் பெட்டியின் குறை இதனால் நீங்கியது.

அதே கோட்பாட்டில், உருவில் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியைத் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த அருட்தந்தை நியூட்டன் உருவாக்கினார். 1911 முதல் 1917 வரை அவர் சிற்றூர் மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் அது தென்னிந்தியாவில் பரவியது. பின்னர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரக மையம் தேனீ வளர்ப்பை வளர்த்தது. 1991 முதல் பரவிய தாய்லாந்து பைப்புழு நோயால் தென்னிந்தியக் கூட்டங்களில் பெரும் பகுதி அழிந்தது.

இந்தியத் தேனீ பிரிந்து செல்லும் இயல்பு மிகுந்தது. நம் நாட்டில் பிரிதல் குளிர்காலத்தின் முடிவைச் சார்ந்ததன்று. பூக்கள் மிகும் பருவத்தைச் சார்ந்தது. தென்னையும் சீமைக்கருவேலும் உள்ள கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் அப்பருவம் மலைத்தோட்டங்களில் உள்ளது போல் இராது. எனவே நாட்காட்டியைவிட அடையைப் பார்ப்பதே நல்லது. ஆண் தேனீ அறைகள் பெருகுவது முதல் அறிகுறி. இடம் நெருக்கமானால் சட்டம் அல்லது தேன் அறை சேர்க்கப்படுகிறது. வாரம் ஒருமுறை அடைகளைப் பார்த்து, மூடப்படாத இராணி அறைகள் நீக்கப்படுகின்றன. மூடிய அறைகள் காணப்பட்டால் பழைய இராணி உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது ஏற்கெனவே வெளியேறியிருந்தால் அறைகள் அனைத்தையும் வெட்டுவது கூட்டையே இராணியற்றதாக்கிவிடும். ஓர் அறையை மட்டும் விட்டுவைத்தால் இரண்டாம், மூன்றாம் பிரிதல்கள் நிற்கும். கூட்டத்தைச் செயற்கையாகப் பிரிப்போரும் ஆண் தேனீக்கள் பறக்கும் காலத்திலேயே பிரிக்க வேண்டும். இல்லாவிடில் புதிய இராணி கருவுறாமல் போகும்.

பிரிதலும் கூட்டை விட்டு ஓடுதலும் வேறு. எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, உணவின்மை ஆகியவற்றால் இந்தியத் தேனீக்கள் முழுக் கூட்டமாக ஓடிவிடுவதுண்டு. பெட்டியில் இராணி அறைகளும் எஞ்சிய தேனீக்களும் இருந்தால் அது பிரிதல். வெறும் அடை மட்டும் இருந்தால் ஓடுதல்.

இறுதிக் காலம்

மனைவி மறைந்த பின்னர் ஊபர் லோசானில் தம் மகளின் பராமரிப்பில் வாழ்ந்தார். முதுமையிலும் தேனீக்களைப் பற்றிய மடல் தொடர்பை விடவில்லை. 1831 டிசம்பர் 22 அன்று 81ஆம் வயதில் காலமானார். அவருடைய வாழ்க்கையை எழுதிய தாவரவியலாளர் அகுத்தின் தெ கண்டோல், பிரேசில் நாட்டு மரப் பேரினம் ஒன்றுக்கு ஊபேரியா என்று பெயரிட்டார்.